அதிபரின் மூன்றாவது பொன்னாடை

1

யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் வேறெதையும்விட அதிகமாக அச்சேறிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்பட்டார்.’ காகிதத் தட்டுப்பாட்டில் பக்கங்கள் குறைந்தபோதும் அந்தச் செய்திக்கு இடம் குறையவில்லை. போர்த்தியவர் பெயரும் போர்த்தப்பட்டவர் பெயரும் பிழையில்லாமல் வரவேண்டும். படத்தில் சரிகைக்கரை தெரியவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஒஸ்லோவிலும் அந்த வாக்கியத்திடமிருந்து தப்ப முடியவில்லை. இங்கே நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன், செய்தி எழுதுவதில்லை. ஆனால் மண்டபம் எடுத்து மைக் வைத்து நாலு தமிழர் கூடும் இடமெல்லாம் பொன்னாடை வந்துவிடுகிறது. குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே கொடியில் அது தொங்கும்.

நேற்று அங்கே ஒருவரைச் சந்தித்தேன். அவர் சொன்னதை எழுதுவதற்கு முன், போன வருடம் இதே நாட்களில் நடந்ததை எழுதவேண்டும்.

2

சதாசிவம் என்னோடு படித்தவன். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். இரண்டு முறை அவனுக்கு விசா மறுத்தார்கள். மனைவி இல்லை, பிள்ளைகள் வேறு நாடுகளில், இப்படிப்பட்டவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார்கள். மூன்றாவது முறை நான் பொறுப்பு நின்றேன். வருகையின் நோக்கம்: சுற்றுலா. அவன் ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பினால்தான் இனிமேல் நான் யாரையும் கூப்பிட முடியும்.

எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அவன்தான் பிரதம விருந்தினர். நிகழ்ச்சியை அறிவித்தவள் மயூரி. இங்கே பிறந்தவள். என் மகளோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவள். என் மகள் இப்போது துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்கிறாள். அவளுடைய தமிழ் ‘ஓம் அப்பா’, ‘பிறகு எடுக்கிறன்’ என்ற இரண்டு வரிகளுக்குள் வந்துவிட்டது. மயூரியின் தமிழ் அப்படியில்லை. கத்தரிப்பூ நிறச் சேலையில் அவள் மைக்குக்கு முன்னால் நின்றால் மண்டபம் கதையை நிறுத்தும். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு ‘மயூரியைப் பார்’ என்று சொல்லப்பட்டிருக்கிறது. என் வீட்டிலும்.

அவளைத் தனியே வளர்த்தவர் தாய் வசந்தி. விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தபடியே படித்து, இப்போது நகர நடுவால் போகும் ட்ராம் ஓட்டுகிறார். அன்று சதாசிவத்துக்கு மூன்று பொன்னாடைகள். முதலாவது சங்கத்தின் சார்பில். இரண்டாவது பெற்றோர் சார்பில். மூன்றாவதை அறிவிக்கும்போது மயூரி சிரித்தாள்.

“பச்சைப் பொன்னாடை போர்த்தி அதிபர் அவர்களைக் கௌரவிப்பவர் திருமதி வசந்தி. என்ரை அம்மா.”

சபை கைதட்டியது. வசந்தி ட்ராம் நிறுத்தத்தில் நிறுத்துவதுபோல அளவாக வந்து நின்று, போர்த்திவிட்டுப் போனார்.

3

ஆனி மாதத்து ஒஸ்லோவில் இருட்டு வருவதில்லை. படுக்கையறைத் திரைக்கு மேலால் பால் போல ஒரு வெளிச்சம் வழிந்துகொண்டேயிருக்கும். சதாசிவத்துக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. நித்திரையும் விழிப்புமில்லாத ஏதோ ஒன்றில் ஒரு கிழமை நடந்து திரிந்தான்.

“மச்சான், இஞ்சை இரவெண்டு ஒண்டு வாறதே இல்லையோ?”

“வரும். ஓகஸ்டிலை.”

குளிர் வேறு. வெயிலில் நடக்கும் நொர்வேஜியர்கள் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிறீம் சாப்பிட, அவன் என் பழைய குளிர்ச்சட்டையைப் போட்டு, கழுத்தைச் சுற்றி வசந்தி போர்த்திய பச்சைப் பொன்னாடையை மஃப்ளராகக் கட்டிக்கொண்டு வந்தான். சரிகைக்கரை நாடிக்குக் கீழே மினுங்கும்.

நான் ஊர் காட்டினேன். பனிச்சறுக்கு மேடை. நடந்து ஏறக்கூடிய இசைநாடக மண்டபக் கூரை. நிர்வாணச் சிலைகள் நிற்கும் பெரிய பூங்கா. அங்கே அவன் ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பறை பார்வையிடுவதுபோல நின்றான். அன்று பின்நேரம் ஆறு மணிக்குச் சற்று முன், ட்ராம் ஓடும் தெருவொன்றால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு கதவுக்கு மேலே சிவப்பு நியோன் விளக்கில் ஒரு பெண்ணின் கால் வடிவம் எரிந்து அணைந்தது. ஆடை களைந்து ஆடும் விடுதி. ஆறு மணிக்கு முன் வந்தால் நுழைவு இலவசம், ஒரு பானம் வாங்கினால் போதும் என்று பலகை சொன்னது. அவன் நின்றுவிட்டான்.

“மலிவாத்தான் கிடக்கு.”

“என்ன மலிவு?”

“மச்சான், நாள் முழுக்கக் கல்லைக் காட்டினாய். உயிரோடை ஒண்டைக் காட்டினால் என்ன குறைஞ்சுபோம்?”

“நீ பிரதம விருந்தினரடா.”

“அது சனிக்கிழமை. கொழும்பிலை எண்டால் எந்தச் சந்தியிலையும் ஒரு பழைய மாணவன் நிப்பான். இஞ்சை என்னை ஆர் காணுறது?”

முப்பது வருடமாக அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறேன். நானும் உள்ளே போனதில்லை. போனோம்.

4

உள்ளே இரவு இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் அவன் தேடிய இரவு அங்கேதான் இருந்தது. சிவப்பு வெளிச்சம் நீருக்கடியில் போல அசைந்தது. பதினைந்து கதிரைகள், மூன்று பேர். ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தொப்பி போட்டபடியே தூங்கியிருக்கவேண்டும்.

சதாசிவம் நேரே போய் முன்வரிசையின் நடுக் கதிரையில் இருந்தான். பரிசளிப்பு விழாக்களில் அவனை எப்போதும் இருத்துகிற இடம் அதுதான்; வேறு இடம் அவனுக்குத் தெரியாது. பாதங்களைச் சேர்த்து வைத்து, கைகளை முழங்கால்களில் வைத்தான்.

நான் பானம் வாங்க பார்ப் பக்கம் போனேன். அங்கே கறுப்புச் சட்டையும் இறுக்கிக் கட்டிய கொண்டையுமாக நின்றவள் மயூரி.

பத்திரிகைக்காரன் முகத்தை மறப்பதில்லை. இரண்டு நாட்களுக்கு முன் மைக்கில் நின்ற முகம். அவளும் கண்டாள். கையிலிருந்த கிளாஸ் அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு நொர்வேஜிய மொழியில், எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கும் அதே குரலில், “என்ன வேண்டும்?” என்று கேட்டாள்.

“இரண்டு கோலா.” நானும் நொர்வேஜிய மொழியில்தான் சொன்னேன்.

அவ்வளவுதான். அவளுக்கு நான் யாரோ, எனக்கு அவள் யாரோ. வாசலில் எங்கள் பெயர்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல. ஆனால் என் முதுகில் அவள் பார்வை இருந்தது. நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒரு சொல் விட்டால், அது இரவுக்குள் வசந்தியிடம் போய்விடும். அடுத்த ஒன்றுகூடலில் மைக் வேறொருத்தியின் கையில் இருக்கும். ‘மயூரியைப் பார்’ என்ற வார்த்தை அதே வீடுகளில் வேறு தொனியில் சொல்லப்படும். இவை எல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சதாசிவம் அவளைப் பார்க்கவில்லை. அவன் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடியவளுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். வெளிறிய தலைமுடி. மெதுவான பாட்டு. எங்களுக்காக ஆடுவதாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் ஆடுவதுபோல ஆடினாள். உடுப்புகள் ஒவ்வொன்றாகப் போனதைக்கூட, மரத்திலிருந்து இலை போவதுபோலத்தான் பார்த்தோம். பாட்டு முடிந்தபோது அவளிடம் நகப்பூச்சு மட்டும் மிச்சமிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. கைப்பேசிக்காரர் தலை நிமிர்த்தவில்லை. குளிரூட்டியின் இரைச்சல் மட்டும். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, மேடை ஓரத்தில் தன் மேலங்கியைத் தேடினாள்.

அந்த மௌனம் என் நண்பனுக்குத் தாங்கவில்லை. ஒரு நிகழ்ச்சி முடிந்து சபை சும்மா இருப்பதை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. எழுந்தான். கைதட்டினான். மண்டபம் நிறைந்ததுபோலத் தனி ஒருவனாகத் தட்டினான். பிறகு கழுத்திலிருந்த பொன்னாடையை அவிழ்த்து, இரண்டு தரம் உதறி, மேடையில் ஒரு படி ஏறி, அவளுடைய தோளில் போர்த்தினான்.

5

காவலாள் இரண்டு எட்டில் வந்துவிட்டான். கதவளவு ஆள். சதாசிவத்தின் மேற்கையைப் பிடித்தான். தொடக்கூடாது என்பது இங்கே முதல் விதி என்றான். பொலிஸ் என்ற சொல்லும் வந்தது. பொலிஸ் வந்தால் கடவுச்சீட்டு; கடவுச்சீட்டு வந்தால் விசா; விசா வந்தால் நான்.

நான் ஓடிப்போய்ப் பேசினேன். என் நொர்வேஜிய மொழி முதியோர் இல்லத்தில் வளர்ந்தது. அவசரத்தில் அதுதான் வந்தது. அந்த மலைபோன்ற ஆளைப் பார்த்து, “பயப்படவேண்டாம், மெதுவாக இருங்கள், நன்றாக மூச்சு விடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“ஆர்ட்டிஸ்ட்,” என்றான் சதாசிவம், பிடிபட்ட கையை விடுவிக்காமலே. “ஐ ஆம் ரெஸ்பெக்டிங் த ஆர்ட்டிஸ்ட்.”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“சேர், அப்பிடியே நில்லுங்கோ. ஒண்டும் கதைக்காதேங்கோ.”

மைக்கில்லாமலும் அதே குரல். சதாசிவத்தின் தலை திரும்பியது. மயூரி துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பாரின் சிறு கதவைத் தள்ளிவிட்டு வந்தாள். அவள் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு கிழட்டுத் தமிழரை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். அவளை யாரும் கண்டிருக்கமாட்டார்கள், நானும் காணாதவனாகவே போயிருப்பேன். அவள் வந்தாள்.

காவலாளிடம் அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “இது தொடுகிறதில் சேராது. எங்கடை ஆட்கள் மேடையில் நல்லாச் செய்த கலைஞருக்கு இதைத்தான் போர்த்துவார்கள். இந்தப் பெரிய மனிதர் தனக்குப் போர்த்தினதை எடுத்து இவளுக்குப் போர்த்தியிருக்கிறார்.”

“எங்கடை ஆட்களா?” என்றான் அவன். “நீ ஒஸ்லோ ஆள்தானே?”

“அதுவும்தான்.”

அவன் பிடியை விட்டான். மயூரி ஆட்டக்காரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் அதையே சொன்னாள். அந்தப் பெண் துணியைப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகிவிட்டிருந்தது. சரிகைக்கரை மட்டும் தணல்போல எரிந்தது. அவள் ஏதோ கேட்டாள்.

“இதைத் திருப்பித் தரவேணுமோ எண்டு கேக்கிறா.”

“திருப்பித் தாறதோ!” என்றான் சதாசிவம், அடிபட்டவன்போல. “அப்பிடி ஒரு வழக்கமே இல்லையெண்டு சொல்லு பிள்ளை.”

அவள் பொன்னாடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த பாட்டுக்கு வேறொருத்தி வந்தாள். இலோனா—அதுதான் அவள் பெயரென்று மயூரி சொன்னாள்—பார் ஓரத்து உயரக் கதிரையில், பச்சையைப் போர்த்தபடி கோப்பி குடித்துக்கொண்டு இருந்தாள். மேடைக்கு முதுகு காட்டி, ஒரு பிரதம விருந்தினரைப்போல நிமிர்ந்து.

6

மயூரி எங்களை வாசல் நடைவரை கொண்டுவந்து விட்டாள்.

“அங்கிள், உள்ளை வரேக்கையே என்னைக் கண்டுட்டீங்கள் என்ன?”

“ஓம்.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அதாலை நானும் சொல்லேல்லை.” துணியைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். “நான் பாரிலைதான் அங்கிள். ஆடுறேல்லை. ஆடினாலும் என்ன, அது வேறை கதை. படிப்பு முடியுமட்டும் இந்த வேலை வேணும். அம்மாவுக்கு ஹோட்டல் ரிசெப்ஷன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

“அம்மா இந்தத் தெருவாலைதானே ட்ராம் ஓடுறவ?”

“ஓடேக்கை தண்டவாளத்தை விட்டு அங்காலை இஞ்சாலை பாக்கமாட்டா. அவவை உங்களுக்குத் தெரியுந்தானே.” சதாசிவத்தைப் பார்த்தாள். “சேர், நீங்கள் குடுத்தது அம்மா போர்த்தினது.”

“தெரியும் பிள்ளை. குளிருக்கு அதுதான் நல்லது, அதான் கட்டிக்கொண்டு வந்தனான்.” பிறகு அதிபர் குரலுக்கு வந்தான். “இப்ப கேள். நான் இஞ்சை வரேல்லை. நீயும் இஞ்சை இல்லை. சரியோ?”

“நீங்கள் வரேல்லை எண்டால் பொன்னாடை என்னெண்டு வந்தது சேர்?”

அதிபரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னிடம், “அம்மாவிட்டைச் சொல்லாதேங்கோ அங்கிள்,” என்றாள். சொல்லமாட்டேன் என்றேன்.

கதவைத் திறந்தால் வெளியே பகல். கண்கூசியது. கனவிலிருந்து தெருவில் இறங்கியதுபோல இருந்தது; அல்லது தெருவிலிருந்து கனவுக்குள். நீல நிற ட்ராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. இருவரும் ஒன்றாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தோம்.

வெறுங்கழுத்தோடு நடந்தான் சதாசிவம். கொஞ்சத்தூரம் போனபின் சொன்னான்: “நீ எப்பவாவது இதை எழுதுவாய். அவளுக்குக் குளிருதெண்டு போர்த்தினான், பாவம் பார்த்துப் போர்த்தினான் எண்டெல்லாம் எழுதிப்போடாதை. நல்லா ஆடினவள். அதுக்குத்தான் போர்த்தினனான்.”

7

அவன் புறப்படும் நாள் என் மனைவி பெட்டி அடுக்கினாள்.

“அண்ணை, வசந்தி போர்த்தின பச்சை எங்கை? மற்ற ரெண்டுந்தான் கிடக்கு.”

“அதை ஒரு கலைஞருக்குப் போர்த்தினனான் தங்கச்சி.”

“எந்தக் கலைஞர்?”

“ஒரு ஆட்டக்காரி. நல்ல கெட்டிக்காரி.”

மனைவி அதைப் பரதநாட்டிய ஆசிரியை யாரோவென்று எடுத்துக்கொண்டாள். பொய் எதுவும் சொல்லப்படவில்லை. அதே தகவல் அப்படியே வசந்திக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு ஒரு வருடம் வசந்தியைக் காணும் இடங்களில் நான் அவசரமாக இருந்தேன். அவர் ஓட்டும் ட்ராமில் ஏறுவதைத் தவிர்த்து, ரி-பானே என்னும் நிலத்தடி ரயிலில் சுற்றிப் போனேன்.

நேற்றுக் குறொன்லாண்டில் தவிர்க்க முடியவில்லை. கடைக்குள் திரும்பினால் வசந்தி நிற்கிறார். சீருடையோடு, வேலை முடிந்து வந்திருக்கிறார். கையில் கம்பளிச் சால்வை இரண்டு.

“பொன்னாடை இல்லையோ?” என்றேன், ஏதாவது கதைக்கவேண்டுமே என்று.

“சங்கத்துக்கு வேறை எடுத்தாச்சு. இது அதுக்கில்லை அண்ணை.” சால்வையொன்றை விரித்துக் கைக்குள் கசக்கிப் பார்த்தார். “பொன்னாடை குளிருக்குக் காணாது. உங்கடை அதிபர் போர்த்திவிட்ட அந்தப் பிள்ளை மார்கழியிலையும் அதோடைதான் நிண்டுது. அந்த வாசலிலை. சிகரெற் பத்திக்கொண்டு.”

நான் முருங்கைக்காய்களைப் பார்த்தேன்.

“ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்கு. வெள்ளைக்குள்ளை பச்சை. நான் போர்த்தின பச்சை எனக்குத் தெரியாதே? கரை பாத்துப் பாத்து எடுத்தது.” இரண்டாவது சால்வையை விரித்தார். “பக்கத்திலை மயூரி நிண்டவள். கறுப்புச் சட்டையோடை. ரெண்டு பேரும் ஏதோ கதைச்சுச் சிரிக்கினம். அவள் வீட்டிலை அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம்.”

“அவளுக்கு அங்கை வேலை எண்டு அப்பதான் தெரிஞ்சுதோ?”

“அதுக்கு முந்தியே தெரியும். அந்தத் தெருவாலை நாளுக்கு எத்தினை தரம் போறனான். ட்ராம் ஓடுறவைக்குத் தெரியாத வாசல் இந்த ஊரிலை இருக்கோ அண்ணை?”

“ட்ராம் மணியை அடிச்சிருக்கலாமே.”

“அடிச்சால் திரும்பிப் பாத்திருப்பாள்.”

வசந்தி இரண்டு சால்வைகளையும் ஒரே மடிப்பாக மடித்தார். ஒன்று அந்தப் பிள்ளைக்கு, மற்றது மயூரிக்கு என்றார். எப்படிக் கொடுப்பதென்றுதான் தெரியவில்லையாம். கொடுத்தால் தனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னதாகிவிடும். சொன்னால் அவள் வெட்கப்படுவாள், வெட்கப்பட்டால் வீட்டைவிட்டுத் தூரப் போய்விடுவாள். அவள் தானாகச் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு வருடம் போய்விட்டது.

“என்னாலை வாயாலை சொல்லேலாது அண்ணை. சொல்ல வெளிக்கிட்டால் அழுகை வரும், அவள் அதைக் கோவமெண்டு நினைப்பாள். நீங்கள் எழுதுறனீங்கள்தானே?”

“என்னத்தை எழுத?”

“நடந்ததை. எனக்குக் கோவமில்லை எண்டதையும். அவள் வாசிப்பாள். இஞ்சத்தைப் பிள்ளையளிலை அவள்தானே நல்லாத் தமிழ் வாசிக்கிறவள்.”

பையை எடுத்துக்கொண்டு அவர் போனார். வெளியே எட்டு மணி வெயில், நண்பகல்போல.

இரவு—இங்கே இப்போது அப்படி ஒன்று இல்லை, கடிகாரத்தில் மட்டும்—யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சதாசிவத்திடம் சொன்னேன். அவன், “சரியா எழுது,” என்றான்.

எழுதியிருக்கிறேன். எல்லோருடைய பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பொன்னாடையின் நிறத்தை மாற்றவில்லை.